முப்பத்தொரு சோடிச் சப்பாத்து

"குதியைத் தூக்காதேங்கோ அக்கா. பென்சில் உள்ளுக்குப் போகுது."

"கூசுது தம்பி."

"கூசினாலும் தூக்காதேங்கோ."

பேனாட் முழந்தாளில் நின்று, வெள்ளைத் தாளில் வைத்த வலது காலைச் சுற்றிக் கோடு இழுத்தார். சின்னவிரலடியில் பென்சில் தடுமாறியது. கோடு முடிந்ததும் திரேசம்மா காலை எடுத்துக்கொண்டார். தாளில் பெரிய கச்சான் கொட்டை மாதிரி ஒன்று மிஞ்சியது. பின்னால் நின்ற யேசுரட்ணம் தாளை வாங்கி, மேல் மூலையில் எட்டு என்று எழுதினார். கீழே பெயரை எழுதினார்.

"அடுத்த ஆள் வாங்கோ."

டென்மார்க்கில் ஹேர்னிங் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பூசையும் செபமாலையும் முடிந்திருந்தன. சுவரோரக் கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் வலது சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு தேத்தண்ணி குடித்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். ஒக்டோபரில், வருடத்தின் நாற்பத்திரண்டாம் கிழமையில், அமெரிக்காவின் பாலைவனத்தில் ஓடும் ஒரு புண்ணிய ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று செபிக்கப் போகிறவர்கள். தண்ணீரில் நிற்பதற்கு அங்கே சப்பாத்துக் கொடுப்பார்கள். அதற்குத்தான் அளவு.

அது புண்ணிய ஆறு இல்லை என்பது மண்டபத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் முழந்தாளில் நின்றார். மற்றவர் அவருடைய மனைவி அமலராணி. அவர் குசினிக்குள் ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எல்லாருக்கும் தங்கடை சப்பாத்து நம்பர் தெரியும்தானே?" என்றார் பேனாட். அவருக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கியிருந்தது.

"டென்மார்க் நம்பர் வேறை, அமெரிக்கா நம்பர் வேறை. கால் ஒண்டுதான். காலை அனுப்புவம்."

"வேறை ஆரும் பொடியளைக் கொண்டு செய்விக்கலாம்."

"நேத்திக்கடன் ஆற்றை? உன்ரை. பெரிய வியாழனுக்குச் சுவாமி கால் கழுவேக்கை பொடியளைக் கொண்டோ செய்விக்கிறவர்?"

ஒன்பதாவது கால் வந்தது. மூன்றாம் விரலில் மோதிரம் போட்டிருந்தது.

பேனாட்டுக்கு அறுபத்தொரு வயது. கிரின்ஸ்டெட்டில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடமாக வேலை. கண்ணாடியின் விளிம்பில் ரப்பர் பட்டி வைக்கிற மேசை அவருடையது. மன்னாரில் மீன்பிடிக்கிற குடும்பம். அப்பா, மூன்று அண்ணன்மார், மச்சான்மார் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். இவரும் போனார். வள்ளம் கரையை விட்டு இருநூறு யார் போவதற்குள் சத்தி எடுத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை முயற்சி செய்தார்கள். ஊரில் நாலு பேனாட் இருந்தபடியால் இவர் சத்தி பேனாட் ஆனார்.

டென்மார்க்கிற்கு வந்ததும் அந்தப் பெயர் தொலைந்தது. இங்கேயும் மூன்று பேனாட் இருக்கிறார்கள். இவர் கிரின்ஸ்டெட் பேனாட். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு ஊரின் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடத்திற்கு முன், பக்கத்து மேசையில் வேலை செய்த கெல்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மார்புவரை வரும் ரப்பர்க் காற்சட்டை ஒன்றைக் கொடுத்தான். தண்ணீரில் இறங்கி நிற்கச் சொன்னான். ஆறு நகர்ந்தது, பேனாட் நின்றார். சத்தி வரவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

இந்த மீன்பிடியில் புழு இல்லை. இறகும் நூலும் சுற்றிக் கையால் செய்த பூச்சிதான் தூண்டிலில் இருக்கும். அது தண்ணீரின் மேல் விழுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று கெல்ட் சொன்னான். பேனாட் மாரிகாலம் முழுவதும் பூச்சி கட்டினார். கோழி இறகு, தையல் நூல், அமலராணியின் கூறைச்சேலைச் சரிகையில் இரண்டு அங்குலம். சரிகை போன விடயம் இன்னும் வெளியே வரவில்லை.

பிடித்த மீனைத் திருப்பி விடவேண்டும் என்பது கெல்ட்டின் சட்டம். பேனாட்டுக்கு அது இரண்டு வருடத்தில் பழகிவிட்டது. அமலராணிக்குப் பழகவில்லை.

"பிடிச்சனீங்களோ?"

"ஓம், மூண்டு."

"எங்கை?"

"விட்டிட்டன்."

அமலராணி கடைக்குப் போய்ச் சமன் மீன் வாங்கிக்கொண்டு வருவார். இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஆள் குடித்தால் சொல்லாமல் இருப்பதுபோல இருந்தார்.

மூன்று வருடத்திற்கு முன் கெல்ட் அமெரிக்காவுக்குப் போய் வந்தான். நியூ மெக்சிகோவில் சான் யுவான் என்று ஓர் ஆறு. சுற்றிவரச் சிவப்புக் கல், மணல், முட்செடி. நடுவில் பச்சைத் தண்ணீர். ஒரு பெரிய அணைக்கட்டின் அடியிலிருந்து வருவதால் வெயிலிலும் பனி மாதிரிக் குளிர். அதில் கை நீளத்திற்கு ட்ரவுட் மீன். அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும், கறுப்புப் பாணைக் கடித்தபடி, கெல்ட் அந்த ஆற்றைப் பற்றியே கதைத்தான். படம் காட்டினான். படத்தில் முழங்காலளவு தண்ணீரில் அவன் நின்றான். பின்னால் ஒரு மரம்கூட இல்லை.

டென்மார்க்கிற்கு வந்த முப்பத்தெட்டு வருடத்தில் பேனாட் பல தடவை பிளேன் ஏறியிருக்கிறார். லண்டனுக்கு மச்சாளின் மகளின் சாமத்தியவீடு. ரொறன்ரோவுக்கு இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு. பாரிசில் முதல்நன்மை. சும்மா ஓர் இடத்திற்கு அவர் போனதில்லை. அந்த ஆற்றில் நான்கு நாள் நிற்கவேண்டும் என்று நினைத்தார். ஒருவருடைய கலியாணமும் இல்லாத நான்கு நாள். நாற்பத்திரண்டாம் கிழமை தொழிற்சாலையில் லீவு எடுக்கலாம். அங்கே வழிகாட்டியாக இருக்கும் டேல் என்பவனுக்கு மகள் ஸ்ரெபானியைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தார். டேல் நாளைக் குறித்து வைத்தான். மே மாதத்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் எழுதினான்.

பிழை பெப்ரவரியில் நடந்தது. முதியோர் இல்லத்தில் தன்னோடு வேலை செய்யும் சுஜாந்தினியிடம் அமலராணி, "இவர் அமெரிக்கா போறார்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூடியதுதான் தவறு. அடுத்த பூசை முடிந்து கோட்டு மாட்டுகிற இடத்தில் யேசுரட்ணம் பேனாட்டின் கையைப் பிடித்தார்.

"அமெரிக்கா போறியாம். என்ன விசேசம்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாமல் ஆரும் அமெரிக்கா போவினமே? ஆற்றை கலியாணம்?"

"கலியாணமில்லை."

"செத்தவீடோ?"

"இல்லை."

யேசுரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "வருத்தமோடா?"

கோட்டுக்குக் கை நீட்டிய இரண்டு பெண்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அடுத்த கிழமை அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். மீன் பிடிக்க என்று சொன்னால், என்ன மீன், எவ்வளவு கொண்டுவருவாய் என்று கேள்வி வரும். பிறகு விடுகிற கதை வெளியே வரும். அதற்குப் பிறகு கிரின்ஸ்டெட் பேனாட் என்று ஒருவர் இருக்கமாட்டார்.

டேல் அனுப்பிய தாளின் கடைசிப் பக்கம் அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் பார்க்கவேண்டிய இடங்கள். மூன்று மணித்தியாலக் கார்ப்பயணத்தில் மண்ணால் கட்டிய பழைய கோயில். வருத்தக்காரர் அங்கே நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் பூசுவார்கள்.

"ஒரு நேத்தி, அண்ணை."

"என்னத்துக்கு?"

"முழங்கால்."

அவருடைய முழங்காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. படத்தில் கெல்ட் முழங்காலளவு தண்ணீரில் நின்றதால் அந்தச் சொல் வாயில் வந்தது.

யேசுரட்ணத்துக்கு எழுபத்திரண்டு வயது. ஹேர்னிங்கில் துணி ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு ஆவணியிலும் ஜெர்மனியில் உள்ள கெவலார் மாதாவிடம் பஸ் கொண்டுபோகிறவர். போன இரண்டு வருடமும் பஸ்ஸில் பின் ஆசனங்கள் காலியாக இருந்தன. கெவலார் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. பேனாட் சொன்ன கோயிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அங்கே ஒழுங்குசெய்கிற ஆளின் விலாசத்தைக் கேட்டார். பேனாட் டேலின் மின்னஞ்சலைக் கொடுத்தார். யேசுரட்ணத்துக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவருக்குத் தைரியமாக இருந்தது.

யேசுரட்ணத்தின் ரெலிபோனுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது.

பேனாட்டையும் சேர்த்து நாங்கள் முப்பத்தொரு பேர் வருகிறோம், இரண்டு பேரால் அதிகம் நடக்க முடியாது, சமையல் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று அவர் எழுதினார். டென்மார்க்கிலிருந்து முப்பத்தொரு மீன்பிடிகாரர் வருகிறார்கள் என்று டேல் சந்தோசப்பட்டான். இவ்வளவு பெரிய குழு தனக்கு வந்ததே இல்லை என்று எழுதினான். இன்னும் பதினொரு வழிகாட்டிகளைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். மீன் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்பதால், மீன் என்ற சொல்லே இல்லாமல் ஆற்றின் ஒழுங்குகளை அனுப்பினான். சித்திரை மாதக் கூட்டத்தில் யேசுரட்ணம் எழுந்து நின்று அவற்றைத் தமிழில் வாசித்தார்.

"விடியமுதல் எழும்பவேணுமாம். ஆத்தடியிலை சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாதாம். மினுங்கிற உடுப்புப் போடக்கூடாது, மண்நிற உடுப்புத்தான். இடுப்பளவு தண்ணியிலை கனநேரம் நிக்கவேணும். பொறுமை வேணும். ஆத்திலையிருந்து ஒண்டையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது."

வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு ஒழுக்கம் பாருங்கோ," என்றார் யேசுரட்ணம். "கெவலாரிலை நாங்கள் கச்சான் கொறிக்கிறம்."

"லூர்திலையும் இப்பிடித்தான், தண்ணிக்குள்ளை இறக்கிறவை," என்றாள் சுஜாந்தினி. "அம்மான்ரை தோள்மூட்டு அங்கைதானே சுகம் வந்தது."

"ஆத்தின்ரை பேர் என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"சான் யுவான்."

"எண்டால் யோவான், எங்கடை அருளப்பரெல்லே?"

"ஸ்நாபக அருளப்பர்," என்றார் யேசுரட்ணம். மூச்சு விட்டார். "அவர் தண்ணிக்குள்ளைதானே நிண்டவர்."

பேனாட் சொல்லிவிட வாயைத் திறந்தார். அப்போது திரேசம்மா அழுதுகொண்டிருந்தார். பேனாட் வாயை மூடினார்.

அன்று பின்னேரம் ஓர்ஹூஸில் இருக்கும் ஸ்ரெபானிக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு டேனிஷில், விடுமுறைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு என்ன, என்று கேட்டாள்.

"என்ன விடுமுறை எண்டு கேப்பினம் பிள்ளை."

விடுமுறை என்றால் விடுமுறைதான், அதற்குக் காரணம் இருந்தால் அது விடுமுறை இல்லை, என்றாள் அவள். பேனாட்டுக்கு அது விளங்கியது. மண்டபத்தில் அதைச் சொல்லிக்காட்ட முடியாது என்பதும் விளங்கியது.

இருபத்தேழாவது காலுக்குப் பிறகு யேசுரட்ணம் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"அமலராணி, உம்மடை காலும் இருக்கு. வாரும்."

அமலராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். தாளில் காலை வைத்தார். பேனாட் குனிந்தபடியே பென்சிலை வைத்தார். அவருடைய தலைக்கு மேலே அமலராணியின் குரல் மெதுவாக வந்தது.

"இப்ப நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"இந்தத் தாள் முடியட்டும்."

"முடிஞ்சுது. நாளைக்கு அந்த மனுசன் முப்பத்தொரு காலையும் அமெரிக்காவுக்கு அனுப்பப்போறார். பேந்து உங்கடை ஆறும் இல்லை, ஒண்டும் இல்லை. உந்தச் சனம் முழுக்க உங்களைச் சுத்தித் தண்ணிக்குள்ளை நிண்டு செபமாலை சொல்லும். அதுக்குள்ளை எந்த மீன் வரும்?"

பேனாட் அந்தக் காட்சியைப் பார்த்தார். சிவப்புக் கல், பச்சைத் தண்ணீர், மண்நிற உடுப்பில் முப்பது பேர், நடுவில் தூண்டில் தடியோடு தான். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும்."

"அளவு முடிச்சிட்டுச் சொல்லு."

"கோயில் இருக்கு. நான் பொய் சொல்லேல்லை. ஆனால் உந்தச் சப்பாத்து, கோயிலுக்கில்லை. ஆத்துக்கும் கோயிலுக்கும் மூண்டு மணித்தியாலம் கார் ஓடவேணும்."

"அப்ப ஆத்திலை என்ன செய்யிறது?"

"மீன் பிடிக்கிறது."

யேசுரட்ணம் கையிலிருந்த இருபத்தேழு தாள்களையும் பார்த்தார்.

"ஆர் மீன் பிடிக்கிறது?"

"இப்ப அந்த ஆள் நினைக்கிறபடி, நாங்கள் முப்பத்தொரு பேரும்."

ஒரு தேத்தண்ணிக் கோப்பை சுவரோரத்தில் தட்டில் வைக்கப்பட்டது. பேனாட் முழந்தாளில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். கெல்ட், அணைக்கட்டு, டேல், கடைசிப் பக்கம். சொல்லி முடித்ததும் ஏச்சுக்குக் காத்திருந்தார்.

முதலில் கதைத்தது சூசைதாசன். எஸ்பியேர்க்கில் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் மீன் வெட்டியவர்.

"என்ன மீன்?"

"ட்ரவுட், அண்ணை."

"எவ்வளவு வரும்?"

"இரண்டு கிலோ, மூண்டு கிலோவும் வருமாம்."

"எத்தினை பிடிக்கலாம்?"

"கணக்கில்லை. எத்தினையும் பிடிக்கலாம்."

ஆண்கள் பக்கம் கதிரைகள் அசைந்தன. ஒருவர் மெதுவாக, "அப்ப பரவாயில்லையே" என்றார். யேசுரட்ணத்தின் முகத்தில்கூட இறுக்கம் ஓரளவு தளர்ந்தது. பேனாட்டுக்கு ஒரு கணம், தப்பிவிடலாம் என்று தோன்றியது.

"பெட்டியிலை போட்டு ஐஸ் வைச்சுக் கொண்டுவரலாமோ?" என்றார் சூசைதாசன்.

"ஏலாது."

"ஏன், கஸ்டம்ஸோ?"

"விடவேணும்."

"எங்கை விடுறது?"

"தண்ணிக்குள்ளைதான்."

"பிடிச்சதையோ?"

"ஓம்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் அண்ணை."

சூசைதாசன் எழுந்தார். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் காலுறையுமாக மண்டபத்தின் நடுவுக்கு வந்தார்.

"பிளேனுக்குக் காசு குடுத்து, அமெரிக்கா போய், பாலைவனத்துக்குள்ளை இறங்கி, மூண்டு கிலோ மீனைப் பிடிச்சு, விடுறாய்?"

"ஓம்."

"மீனுக்கு ஏன்ரா அவ்வளவு கரைச்சல்?"

அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகக் கதைத்தார்கள். பொய் சொன்னது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. திரேசம்மா, வாய் கிழிஞ்ச மீனை விட்டால் அது என்ன சாப்பிடும் என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் மன்னார்க் கடற்கரைப் பேசாலை, மற்றப் பாதி வங்காலை. அவர்களுக்குத் தெரிந்த எவரும், பெருங்குடிகாரர் உட்பட, நல்ல மீன் ஒன்றைக் கடலில் திருப்பிப் போட்டதில்லை.

"சும்மா ஒரு பொழுதுபோக்கு, அக்கா. டென்மார்க்காரர் எல்லாரும் செய்யினம்," என்றார் பேனாட்.

"அவையள் நாய்க்கும் பிறந்தநாள் கொண்டாடுவினம்," என்றார் திரேசம்மா.

யேசுரட்ணம் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. இருபத்தாறு வருடம் பஸ் ஏற்றிய கை அது.

"மீனை விடு. நேத்தி என்ன மாதிரி?"

"அது சும்மா சொன்னது, அண்ணை."

பேனாட் அமலராணியைப் பார்த்தார். அமலராணி இன்னும் தாளின் மேல் காலை வைத்தபடி நின்றார்.

"சும்மா சொன்னாலும் நேத்தி நேத்திதான்," என்றார் அமலராணி. "வாயாலை வந்தது வந்ததுதான்."

"அதுதான் சரி," என்றாள் சுஜாந்தினி.

"சொன்னதைச் செய்யாட்டில் சொன்ன இடத்திலை, முழங்காலிலைதான் பிடிக்கும்," என்றார் யேசுரட்ணம். "எழும்பு நீ முதல். எழும்பிக் கதை."

பேனாட் எழும்பப் பார்த்தார். வலது முழங்கால் எழும்பவில்லை. இருபத்தெட்டுக் காலுக்கு முன்னால், ஒன்றரை மணித்தியாலமாக, அது சீமெந்துத் தரையில் இருந்தது. கையை ஊன்றி இன்னொரு தடவை பார்த்தார். முழங்காலுக்குள் ஏதோ ஒன்று "டிக்" என்றது. முகம் வெளிறியது.

"பாத்தியளே," என்றார் யேசுரட்ணம்.

சுவரோரத்தில் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சூசைதாசனும் இன்னொருவருமாக அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். சுஜாந்தினி காற்சட்டையைச் சுருட்டி முழங்காலை அமத்திப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"நோகுது."

"முந்தி நோகேல்லையோ?"

"இல்லை."

"அப்ப இப்பதான் நேத்தி தொடங்கியிருக்கு," என்றாள். அதை அவள் பகிடியாகச் சொல்லவில்லை.

யேசுரட்ணம் தாள்களை மேசையில் தட்டிச் சீராக்கினார். மண் கோயிலுக்கு மட்டும் என்றால், தண்ணீரில் நிற்பது இல்லாமல், ஆர் ஆர் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணி இல்லாட்டில் அவ்வளவு தூரம் எனக்கு ஏலாது என்றார் திரேசம்மா. மண் எண்டால் கெவலாரிலையும் எடுக்கலாம் என்றார் வேறொருவர். ஒவ்வொருவராகக் குனிந்து வலது சப்பாத்தைப் போட்டார்கள். கெவலார் பஸ்ஸுக்கு அங்கேயே இருபத்தொன்பது பெயர் சேர்ந்தது. யேசுரட்ணத்துக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு கை மட்டும் மேலே போனது.

"நான் போறன்," என்றார் அமலராணி. "நேத்திக்காரர் சும்மா போய்ச் சும்மா வருவார். ஆரும் பாக்க வேணும்."

"நவநாள் பிடிக்கவேணும்," என்றார் யேசுரட்ணம். "ஒன்பது நாள்."

"அண்ணை, லீவே ஒரு கிழமைதான்," என்றார் பேனாட். "ஆத்திலை நாலு நாள் கேட்டிருக்கிறன். அதை விடமாட்டன்."

விடமாட்டன் என்ற சொல்லை அவர் அவ்வளவு சத்தமாகச் சொல்லுவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

அமலராணி குனிந்து தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"கோயிலுக்குப் போக ஒரு நாள். செபிச்சிட்டு வர ஒரு நாள். மிச்சம் இரண்டு நாள் நீங்கள் ஆத்திலை நில்லுங்கோ."

"அமலா, இரண்டு நாள் காணாது."

"காணும்," என்றார் அமலராணி. "விடுற மீனுக்கு."

மண்டபம் முழுவதும் சிரித்தது. யேசுரட்ணமும் சிரித்தார். பேனாட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். திரும்பும்போது காரை அமலராணி ஓட்டினார். தங்கள் வீதிக்குத் திரும்பும் இடத்தில் அமலராணி, "அந்த ஆத்தங்கரையிலை கதிரை ஏதும் கிடக்குமோ?" என்று கேட்டார். கிடக்காது, கொண்டுபோகலாம் என்றார் பேனாட்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பேனாட்டின் முழங்கால் வீங்கியிருந்தது. குளிர்பெட்டியிலிருந்து உறைந்த தேங்காய்ப்பூப் பொதி ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டு பத்து மணிவரை சோபாவில் இருந்தார். பிறகு ஸ்ரெபானிக்கு ரெலிபோன் எடுத்தார். இரண்டு பேர் வருகிறோம், மீன் பிடிப்பது ஒருவர், இரண்டு நாள் மட்டும், சப்பாத்து டேனிஷ் அளவில் நாற்பத்தொன்று என்று அவள் டேலுக்கு எழுதினாள். பின்னேரம் பதில் வந்தது. பதினொரு வழிகாட்டிகளுக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், மற்ற இருபத்தொன்பது பேருக்கும் சுகமில்லையா என்றும் டேல் கேட்டிருந்தான். எல்லாருக்கும் சுகம் என்று ஸ்ரெபானி எழுதினாள்.

இரண்டு தடவை ரெலிபோன் வந்தது. ஒன்று திரேசம்மா, முழங்காலைப் பற்றி. மற்றது சூசைதாசன். அமலராணி எடுத்தார். மீன் விடுற பேனாட் நிற்கிறாரோ என்று சூசைதாசன் கேட்டார். நித்திரை என்று அமலராணி சொன்னார்.

மூன்று மணிக்குக் கெல்ட் ஒரு தடியோடு வந்தான். தண்ணீரில் நடக்கும்போது ஊன்றுகிற தடி. தேத்தண்ணி குடித்தான். நேற்று மிஞ்சிய ரோல்ஸில் இரண்டு சாப்பிட்டான். நாற்பத்திரண்டாம் கிழமைதானே என்று கேட்டான். ஓம், நாற்பத்திரண்டுதான் என்றார் பேனாட். நாலரை மணிக்கு அமலராணி பின்னேர வேலைக்குப் போனார். யேசுரட்ணம் கையில் கொடுத்துவிட்ட இருபத்தெட்டுக் கால்களையும் பேனாட் பழைய பத்திரிகைகளோடு சேர்த்துக் கடதாசிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதைப் புதன்கிழமைதான் எடுப்பார்கள். ஏழு மணிக்கு மழை பெய்தது. பேனாட் பூச்சி ஒன்று கட்டினார். அது சரியாக வரவில்லை.